ஓரத்தில் போட்ட நம்பர்

சித்ரகலாவின் வகுப்பில் யாரும் எதையும் படிப்பதில்லை என்பது கல்லூரிக்கே தெரிந்த சங்கதி. அவள் வகுப்பில் மட்டும்தானா என்றால், இல்லை. எல்லார் வகுப்பிலும் அதே கதைதான். மற்ற ஆசிரியர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, இவள் பட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

கல்லூரி திருப்பூரில், நெருப்பெரிச்சல் பக்கம். பி.காம். இரண்டாமாண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குமேல் மத்தியானம் மணி அடித்ததும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் பாடம், சாப்பாட்டுக்குப் பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். பைக்குள் கணக்குப் பதிவியல் புத்தகமும் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியும் ஒன்றாகக் கிடக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு 'வணிக அறநெறி' என்று ஒரு தாள் உண்டு. அதை நடத்துகிற பொறுப்பு சித்ரகலா தலையில் விழுந்திருந்தது. சோமனூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்து வேலைக்கு வந்தவள். அவள் அறநெறியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குவார்கள். திருப்பூரில் மரியாதைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. பெஞ்சில் கவிழ்ந்து தூங்குகிறவனை எழுப்பினால், "மன்னிச்சுக்குங்க மேம், தூங்கிப் போட்டனுங்க" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து மறுபடி தூங்குவான்.

கோயம்புத்தூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில்தான் அவள் அந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்தாள். கூட்டு வாசிப்பு என்றார்கள். பாடத்தை இணையத்தில் பொதுவான ஒரு பக்கமாகப் போட்டுவிட வேண்டும். வகுப்பு முழுவதும் அவரவர் போனில் அதே பக்கத்தைத் திறக்கும். எந்த வரியைப் படிக்கும்போது என்ன தோன்றுகிறதோ, அதை அந்த வரிக்கு நேரே ஓரத்தில் எழுதலாம். ஒருத்தி எழுதியதற்கு இன்னொருத்தன் பதில் எழுதலாம், சண்டையும் போடலாம். தனியாகப் படிக்க முடியாததைக் கூட்டமாகப் படித்துவிடலாம் என்பது யோசனை.

முதலில் பாடப்புத்தகத்திலிருந்தே ஒரு அத்தியாயத்தைப் போட்டாள். ஓரத்தில் "குட் மார்னிங் மேம்" என்று ஒன்றும், ஒரு சிரிக்கிற பொம்மையும் வந்தன. அவ்வளவுதான். பல நாள் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வேறொன்று தோன்றியது. ஏற்றுமதிக் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும் வாசல் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பலகை தொங்கும். வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனி, விதித்திருக்கிற நடத்தை விதிகள், தமிழில். தொழிலாளியை எப்படி நடத்த வேண்டும், என்னென்ன செய்யக்கூடாது என்று வரிசையாகப் போட்டிருக்கும். பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். ஒரு ஜீவன் நின்று படித்ததில்லை. அதைத் தட்டச்சு செய்து பொதுப் பக்கத்தில் போட்டாள்.

"இதுல என்ன எழுதறதுங்க மேம்?" என்றாள் முதல் பெஞ்ச் அனுப்பிரியா.

"படிச்சிட்டு உனக்கு என்ன தோணுதோ அதை."

அனுப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். "செக்கிங்ல அம்பு ஸ்டிக்கர் ஒட்டற மாதிரிங்களா?"

சித்ரகலாவுக்கு அது தெரியாது. அனுப்பிரியாவே விளக்கினாள். பனியன் மேஜைக்கு வரும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். அடுத்து வாங்குகிறவருக்குத் தேடுகிற வேலை இருக்காது.

"அதேதான்!" என்று சித்ரகலா மேஜையைத் தட்டினாள். "எந்த வரியில ஓட்டை இருக்கோ அங்க ஒட்டுங்க."

வகுப்பு சிரித்தது. பின்பெஞ்சிலிருந்து தரணீதரன் கேட்டான்: "பேரு போடோணுங்களா மேம்?"

"வேண்டாம். பேரே போடாதீங்க. யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது. இதனால யாருக்கும் ஒண்ணும் வராது, அதுக்கு நான் பொறுப்பு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னபோது முழு மனதோடுதான் சொன்னாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மணிக்குள்ளேயே ஓரம் நிறைய ஆரம்பித்தது. "வேலை நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படும்" என்ற வரிக்கு நேரே ஒருவர், "அறிவிப்பாங்க. கெளம்பற நேரத்துல பையைத் தூக்குனதுக்கு அப்பறம் அறிவிப்பாங்க" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதில்: "உங்க கம்பெனி பரவால்ல. எங்க கம்பெனில கேட்டைச் சாத்துனா அதுதான் அறிவிப்பு." "அவசர வழிகள் எப்போதும் திறந்திருக்கும்" என்பதற்கு நேரே, "எங்களுது தொறந்துதான் இருக்கும். முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்." தீ விபத்து வந்தால் யார் முதலில் பெட்டியை இறக்குவது என்று அதன் கீழே ஒரு வாக்குவாதமே நடந்திருந்தது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒன்று. "கழிப்பறை செல்லத் தடை இல்லை" என்ற விதிக்கு நேரே எழுதியிருந்தது:

"எங்க லைனுக்கே ஒரே ஒரு கார்டு. அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் பாத்ரூம் போகோணும். போனவங்க திரும்பி வந்து கார்டு குடுத்தாத்தான் அடுத்த ஆள். பையர் ஆளுங்க ஆடிட் பண்ண வர்ற அன்னிக்கு மட்டும் கார்டைச் சூப்பர்வைசர் பீரோவுல வெச்சுப் பூட்டிருவாரு. எல்லாரும் இஷ்டத்துக்குப் போலாம், வரலாம். அதனால ஆடிட் நாளுக்கு நாங்க வெச்ச பேரு பாத்ரூம் நோம்பி. 74."

பேருந்தில் அதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டாள் சித்ரகலா. பக்கத்து இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடிந்த பிறகுதான் உறைத்தது. ஒரு ஊரே ஆடிட்டுக்குக் காத்திருந்து ஒண்ணுக்குப் போகிறது, அதற்கு நோம்பி என்று பெயரும் வைத்துக்கொண்டிருக்கிறது. நோம்பி என்றால் பண்டிகை; அதற்குக் கறிச்சோறும் புதுத்துணியும்தான் அவளுக்குத் தெரியும்.

அந்த 74 என்ன என்று அவள் யோசிக்காமல் இல்லை. இன்னும் நாலைந்து பேரும் கடைசியில் இப்படி ஒரு எண்ணைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். தரணீதரன் தன் பஸ் நம்பரைப் போட்டதை வகுப்பிலேயே பெருமையாகச் சொன்னான். இன்னொருவன் கிரிக்கெட் சட்டை நம்பரைப் போட்டான். பேர் வேண்டாம் என்றதும் நம்பருக்குத் தாவிவிட்டார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று சித்ரகலா அதை விட்டுவிட்டாள்.

அடுத்த இரண்டு மூன்று வாரம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொல்லலாம். வகுப்பில் தூங்குகிற ஆள் இல்லை. விதிகளைப் படித்தவர்கள் சட்டத்தைக் கேட்டார்கள். சட்டத்தைப் படித்தவர்கள், "இது இத்தனை வருசமா இருக்குதுங்களா மேம்?" என்று கேட்டு வாயடைத்துப் போனார்கள். பாடம் நடத்துவது என்றால் இதுதான் என்று அவள் மிதந்துகொண்டிருந்தாள். தாளாளர் மகுடேஸ்வரன் கம்பெனியும் கல்லூரியும் ஒரே காம்பவுண்டுச் சுவரின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான். பிள்ளைகளில் பலர் போவது அங்கேதான். அது அவளுக்குத் தெரியாததல்ல. கம்பெனி பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை, அப்புறமென்ன என்ற தைரியம்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக்குத் தரச்சான்றுக் குழு வருவதாகத் தேதி வந்தது. முதல்வர் அருள்செல்வன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். குழுவுக்குக் காட்ட 'புதுமைக் கற்பித்தல்' என்று ஒன்று வேண்டும். எந்தத் துறையிலும் அப்படி ஒன்று இல்லை. யாரோ சித்ரகலா பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

"மேடம், நீங்கதான் நம்மளக் காப்பாத்தோணும்," என்று ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார் முதல்வர். "என்னமோ கூட்டு வாசிப்பாமே. அதைப் பெரிய திரையில போட்டுக் காட்டீரலாம். கமெண்டு நிறைய இருக்குதுங்களா?"

"இருக்குது சார். ஆனா இந்தப் பாடம் வேண்டாம். குழுவுக்குக் காட்டறதுக்குத் தனியா வேற ஒண்ணு..."

"வேற ஒண்ணு பண்ண நேரமேதுங்க? நிறைய இருந்தாத்தான் மார்க்கு."

"நீங்க ஒருக்காப் படிச்சுப் பார்த்துட்டீங்கன்னா..."

"படிக்கறதுக்கு என்னங்க இருக்குது, நீங்க பண்ணுனா நல்லாத்தான் இருக்கும்," என்று போய்விட்டார். அந்தக் கல்லூரியில் படிக்காதவர்கள் பிள்ளைகள் மட்டுமில்லை.

ஒத்திகை நாளன்று கலையரங்கில் வகுப்பு முழுவதையும் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் தாளாளர் மகுடேஸ்வரன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எதிரே யார் வந்தாலும் பாதி எழுந்து கும்பிடுகிற மனிதர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சித்ரகலா மேடையில் நின்று, தீங்கில்லாத முதல் பக்கத்தைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்றிருந்தாள். ஆனால் கணினிக்கு முன்னால் முதல்வரே உட்கார்ந்துவிட்டார். எதற்கு அதிகப் பதில் வந்திருக்கிறதோ அதைத்தான் காட்ட வேண்டும் என்று உருட்டிக்கொண்டே போனார்.

"இந்தாங்க, இதுக்குத்தான் ஏகப்பட்ட பதில்!" என்று சொல்லி, மைக்கைக் கிட்டத்தில் இழுத்துத் தானே படிக்க ஆரம்பித்தார். கார்டு, கழுத்து, பீரோ என்று வர வர அவர் குரல் தேய்ந்தது. நிறுத்த வழியில்லாமல் "பாத்ரூம் நோம்பி" வரைக்கும் படித்துவிட்டார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தாளாளர்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, துண்டால் துடைத்துக்கொண்டார். சித்ரகலாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"நோம்பியாமல்ல! நல்லா இருக்குதுங்க மேடம், நல்லா இருக்குது," என்றார். "ஏனுங்க, கடைசீல ஒரு நம்பர் இருக்குதே, அது என்னதுங்க?"

அவர் சிரித்த சந்தோஷத்தில் அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பேருக்குப் பதிலாப் பசங்க ஏதாச்சும் ஒரு நம்பர் போட்டுக்கிறாங்க சார். பஸ் நம்பர், கிரிக்கெட் நம்பர், இப்படி."

"அப்படீங்களா," என்று தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்துக்கொண்டார். "அருமைங்க," என்றார்.

மறுநாள் முதல் மணிக்கு முன்னாலேயே ஆசிரியர் அறை வாசலில் சுபஸ்ரீ நின்றிருந்தாள். மூன்றாவது பெஞ்ச், கேட்டால் மட்டும் பேசுகிற பெண். முகம் வீங்கியிருந்தது.

"உள்ள வா சுபஸ்ரீ. என்னாச்சு?"

"எழுவத்தி நாலு என்ற அம்மா நம்பருங்க மேம்."

சித்ரகலாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. சுபஸ்ரீ சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சுபஸ்ரீயின் அம்மா பழனியம்மாள் தாளாளர் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவர். அங்கே ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர் உண்டு. பார்த்து முடித்த கட்டின்மேல் அந்த நம்பரைப் போட்டால்தான் கட்டு மேஜையை விட்டு நகரும். நாளைக்கு ஓட்டையோடு ஒரு பனியன் பையரிடம் போய்ச் சேர்ந்தால், யார் பார்த்தது என்று அந்த நம்பரை வைத்துப் பிடித்துவிடுவார்கள். காலேஜ் விட்டதும் சுபஸ்ரீ போய் அம்மா மேஜையிலேயே நின்று செக்கிங் பார்ப்பாள். அவளுக்கென்று தனி நம்பர் கிடையாது, அம்மா நம்பரைத்தான் போடுவாள்.

"ஏன் கண்ணு இங்க போய் அதைப் போட்ட? பேரே வேண்டாம்னேனே."

"பேருதானுங்க மேம் வேண்டாம்னீங்க," என்றாள் சுபஸ்ரீ. "பார்த்து முடிச்சா நம்பர் போட்டாத்தானுங்க பார்த்ததா அர்த்தம். கை அதுவாப் போட்டுருச்சுங்க. நம்பர் போடாம விட்டா, நான் பார்க்காம விட்ட மாதிரி இருந்துச்சுங்க."

சித்ரகலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தான் பாராட்டிய கெட்டிக்காரத்தனம் அது. வகுப்பில் செக்கிங் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அது என்ன நம்பர் என்று தெரியும். மகுடேஸ்வரனுக்குத் தெரியும். மேடையில் நின்று சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்ன தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"நேத்துச் சாயங்காலமே அம்மாவ ஆபீசுக்குக் கூப்புட்டுட்டாங்க மேம். நீதான் எழுதுனயான்னு கேட்டிருக்காங்க. அம்மா, ஆமாங்க நாந்தான்னு சொல்லிருச்சுங்க."

"அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நானுன்னு தெரிஞ்சா டி.சி. குடுத்துருவாங்களாமா. நான் போய்ச் சொல்றேன்னேன். வாயத் தொறந்தீன்னா செருப்பு பிய்யும்னு சொல்லுதுங்க. நான் இந்தக் காலேசு முடிச்சா அம்மாவுக்கு அது போதுமாமா." பிறகு தலையைத் தூக்கி, "ஒண்ணும் வராதுன்னு சொன்னீங்கல்லங்க மேம்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். அதுதான் சித்ரகலாவைக் கொன்றது.

"நான் போய்ப் பேசறேன்," என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஓரத்தில் இருந்ததையெல்லாம் அழித்தாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். படம் தாளாளர் போனில் இருந்தது.

சுவரின் அந்தப் பக்கம் போனாள். வாசலில் அதே பலகை, அதே கண்ணாடிச் சட்டம். மகுடேஸ்வரன் எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். காபி வந்தது.

"தப்பு முழுக்க என்னோடதுங்க சார்," என்று ஆரம்பித்தாள். "அந்தப் பாடத்தைப் போட்டது நான். எழுதச் சொன்னதும் நான். நடவடிக்கை எடுக்கிறதா இருந்தா என்மேல எடுங்க. நான் எழுதியே குடுக்கறேன்."

அவர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "அய்யோ, நீங்க என்னங்க தப்புப் பண்ணுனீங்க? நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. கமிட்டி வர்ற நேரத்துல உங்கள விட்டா நமக்கு யாருங்க இருக்கறாங்க? காபியக் குடிங்க, ஆறிரும்."

அவள் பழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

"அதுல எழுதியிருக்கறது பொய்யாங்க சார்?" என்று கேட்டுவிட்டாள். 

"பொய்யின்னு நான் சொல்லலீங்களே." அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "கார்டு இல்லாம விட்டா லைன் ஓடாதுங்க மேடம். எல்லாக் கம்பெனியிலயும் இருக்கறதுதான். ஊட்டுக்குள்ள நடக்கறத ஊட்டுக்குள்ள சொன்னாத் தப்பில்லை. திரையில போட்டு ஊர் பார்க்கச் சிரிச்சாத்தானுங்க சங்கடம். ஊட்டுக்கு ஒறம்பறை வந்திருக்கறப்ப உலையில அரிசியில்லைன்னு சொல்லுவாங்களா?"

பிறகு மணியை அழுத்தினார். பழனியம்மாள் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். மெலிந்த மனுஷி. சாப்பாட்டுப் பையைக் கையோடு எடுத்து வந்திருந்தார். மேஜையிலிருந்து அப்படியே கூப்பிட்டிருப்பார்கள் போல, சேலைத் தலைப்பில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தம்மா நாந்தான் எழுதுனேங்குது," என்றார் மகுடேஸ்வரன். "எனக்கு நம்பிக்கையில்லீங்க. கையெழுத்துப் போடறதுக்கே அது ரோசனை பண்ணும். அதோட புள்ளையும் உங்ககிட்டத்தான் படிக்குது. காலேசுப் புள்ளை எழுதியிருந்தா டி.சி.யக் குடுத்து அனுப்பிப் போடலாம். வேலைக்காரம்மா எழுதியிருந்தாக் கணக்கு முடிச்சு அனுப்பிப் போடலாம். ரெண்டுல எதுன்னு நான் தப்பாப் பண்ணீரக்கூடாதல்லங்க? பாவமல்லங்க? நீங்க வாத்தியாரு. நீங்க சொன்னா நம்பறேன்."

"நாந்தானுங்க டீச்சர்," என்றார் பழனியம்மாள் அவசரமாக. "புள்ளை போனுல அந்த லிங்க் வந்துச்சுங்க. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து ஊட்டு ஆளு எழுதுச்சுங்க. வெளையாட்டாப் பண்ணிப் போட்டேன். நீங்க அன்னைக்குப் போனுல பேசுனப்பக்கூடச் சொன்னனுங்களே."

அவர்கள் இருவரும் போனில் பேசியதே இல்லை. சித்ரகலா அந்த அம்மாளை நேரில் பார்ப்பதே இப்போதுதான். பழனியம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல்கூட இல்லை, அதட்டல்தான் இருந்தது. சொல்லு என்றது அந்தப் பார்வை. சொல்லித் தொலை.

உண்மையைச் சொன்னால் மகள் வீதியில் நிற்பாள். பொய்யைச் சொன்னால் தாய் நிற்பாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இருவரையும் அனுப்புகிற ஆள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார், மின்விசிறிக் காற்று போதுமா என்று கேட்டுக்கொண்டு. வகுப்பில் மணிக்கணக்காக அறநெறி நடத்தியவளுக்கு அங்கே ஒரு வரி கைகொடுக்கவில்லை.

"ஆமாங்க சார்," என்றாள். "அந்தம்மாதான்."

"நீங்களே சொல்லீட்டீங்க, அப்புறமென்னங்க," என்றார் மகுடேஸ்வரன். உண்மையாகவே ஒரு பாரம் இறங்கியவர் போல இருந்தார். "கணக்குல ஒரு ரூவா பாக்கி இல்லாமக் குடுத்துருவோம். புள்ளை நல்லாப் படிக்கட்டுங்க."

வெளியே நடையில் பழனியம்மாள் அவளை நிறுத்தினார். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பப் புண்ணியமுங்க டீச்சர். எங்க மாத்திச் சொல்லிருவீங்களோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டிருந்தேன்," என்றார். தன் வேலையைப் பறித்தவளுக்கு நன்றி சொல்கிறோம் என்று அந்த மனுஷிக்குத் தோன்றியதா இல்லையா, தெரியவில்லை. சித்ரகலாவுக்கு அந்தக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ளக் கூசியது, அப்படியே விட்டிருக்கவும் கூசியது. செத்துப்போகலாம் போல இருந்தது.

திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம், பழனியம்மாளுக்கு வேறொன்று கிடைக்கும் என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "அந்த நோம்பிக்காரம்மாவா நீங்க?" என்று கேட்டு, சிரித்து, அனுப்பிவைத்தார்கள். பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் தேய்த்து மெருகு போடுகிற பட்டறை ஒன்றில் சேர்ந்தார். சுபஸ்ரீ தினமும் வகுப்புக்கு வந்தாள். எழுதச் சொன்னதை எழுதினாள். சித்ரகலா அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டாள்.

குழு வருகிற தேதி நெருங்கியது. அதே விதிகளைத்தான் காட்ட வேண்டும் என்று முதல்வர் ஒற்றைக்காலில் நின்றார். தொழில்துறையோடு சேர்ந்த பாடம் என்றால் தனி மதிப்பெண்ணாம். ஓரத்தை மட்டும் பிள்ளைகள் புதிதாக எழுதிவிடட்டும், நல்லதாக எழுதட்டும் என்றார்.

சித்ரகலா வகுப்பில் போய்ச் சொன்னாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க மேம்," என்றார்கள். சாயங்காலம் திறந்து பார்த்தாள். ஓரம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு விதிக்கு நேரேயும் ஒரே ஒரு சொல், "பாஸ்". அதற்குக் கீழே இன்னொரு "பாஸ்". மேலிருந்து கீழ் வரை அதுதான். ஒன்றிலும் நம்பர் இல்லை.

"இது என்ன?" என்று மறுநாள் அனுப்பிரியாவைக் கேட்டாள்.

"ஓட்டை இல்லாத பீஸுங்க மேம்," என்றாள் அனுப்பிரியா. "அதுக்கு அப்படித்தானுங்க சொல்லுவோம்." அவ்வளவு பணிவாகச் சொன்னாள். பின்பெஞ்சில் தரணீதரன் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். சித்ரகலா அவனை எழுப்பவில்லை.

குழு வந்தது. நாதஸ்வரம், சந்தனம், ரோஜாப்பூ எல்லாம் ஆயிற்று. கலையரங்கில் திரையில் விதிகளும், ஓரத்தில் பாஸ்களும் தெரிந்தன. குழுத் தலைவர் வெளியூர்ப் பேராசிரியர், வயதானவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே கருத்தா இருக்கே? பாஸ்னா என்ன அர்த்தம்?"

"எங்க ஊருப் பேச்சுங்க ஐயா," என்றார் மகுடேஸ்வரன், பாதி எழுந்து. "எல்லாம் சரியா இருக்குது, குறை ஒண்ணுமில்லைன்னு அர்த்தமுங்க."

பேராசிரியருக்கு அது போதவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, விரலை எதேச்சையாக நீட்டினார். "நீ எந்திரிம்மா. அந்தக் கடைசி விதியைப் படி."

எழுந்து நின்றது சுபஸ்ரீ. சித்ரகலா மேடையில் நின்றிருந்தாள். சுபஸ்ரீ திரையைப் பார்த்துத் திக்காமல் படித்தாள்: "தன் குறையைச் சொன்னதற்காக எந்தத் தொழிலாளியும் பணிநீக்கம் செய்யப்பட மாட்டார்."

"நீ இதுக்கு நேரே என்ன எழுதின?"

"பாஸ்ங்க சார்."

"ஏன் அப்படி எழுதின? இது இங்க சரியா நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

 சுபஸ்ரீ மேடையைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் அந்த முகத்தில் தெரியவில்லை.

"எங்க மேமைக் கேளுங்க சார். அவீங்களுக்குத் தெரியும்."

பேராசிரியர் திரும்பினார். முதல்வர் திரும்பினார். அரங்கத்தில் அத்தனை தலையும் திரும்பியது. மகுடேஸ்வரன் மட்டும் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதே சிரிப்போடு. இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது என்பது சித்ரகலாவுக்கு நினைவு வந்தது. அதற்காக ஒருத்தி அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன மேடம், சரிதானா?" என்றார் பேராசிரியர்.

"ஆமாங்க சார்," என்றாள் சித்ரகலா.

தாளாளர்தான் முதலில் கைதட்டினார்.